வழிச்செலவும் தந்து அழைக்கிறார்கள்!

உங்கள் மகள் பல்கலைக்கழகப் படிப்பை முடித்துவிட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டமளிப்பு விழாவுக்குக் குடும்பத்தோடு போய்ப் படம் பிடித்தாயிற்று. அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டு முன்கூடத்தில் மாட்டியும் ஆயிற்று. இனி வேலை, பிறகு கல்யாணம் என்று வீட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் வேளையில் அவள் வந்து நிற்கிறாள். "அப்பா, நான் ஆராய்ச்சிப் படிப்புக்குப் போகிறேன். இடையில் ஒரு வருஷம் ஜெர்மனியில் இருக்க வேண்டியிருக்கும்" என்கிறாள்.

அப்பாவின் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி எது என்று உங்களுக்கே தெரியும். "பணத்துக்கு எங்கேம்மா போவது?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. பதிலை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த வகைப் பயணத்துக்கு நீங்கள் பணம் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. அம்மாவின் சங்கிலி அடகுக்கடைக்குப் போக வேண்டாம். சேமநிதிப் பணத்தில் கை வைக்க வேண்டாம். வட்டிக்காரர் வீட்டுப் படி ஏறவும் வேண்டாம். விமானச் செலவைக் கொடுத்து, தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் மாதாமாதம் பணம் கொடுத்து, "எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்து வேலை செய்" என்று அழைக்கும் ஏற்பாடுகள் உலகில் எத்தனையோ இருக்கின்றன.

நம்ப முடியவில்லை, இல்லையா? நம்பாததற்குக் காரணம் உண்டு. டாக்டருக்கும் வக்கீலுக்கும் படிக்க வைக்க, பிள்ளையைக் கடன் வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு, அந்தக் கடனை அடைக்கவே பாதி ஆயுளைக் கழித்த குடும்பங்களை நாம் பார்த்திருக்கிறோம். அதனால் "வெளிநாடு" என்ற சொல்லைக் கேட்டதும் "கடன்" என்ற சொல் தானாகவே பின்னால் வந்து நிற்கிறது. தோட்டத்திலேயே இருந்தாலும் சரி, தோட்டத்தை விட்டுத் தாமான் வீட்டுக்கு வந்துவிட்டாலும் சரி, இந்த எண்ணம் மட்டும் நம்மோடு கூடவே வந்துவிட்டது.

ஆனால் படிக்கப் போவது வேறு, ஆராயப் போவது வேறு. படிக்கப் போகிறவர் கல்லூரிக்குக் கட்டணம் கட்டுகிறார். ஆராயப் போகிறவர் அந்த இடத்துக்கு வேலை செய்து கொடுக்கப் போகிறார். அங்கே அவர் மாணவர் மட்டுமல்ல, ஒரு கைத்தொழிலாளியும்தான். கிருமியை வளர்ப்பார், அளவு எடுப்பார், கணக்குப் போடுவார், இரவில் கண் விழித்துக் கருவியைப் பார்த்துக்கொள்வார். ஆகவேதான் அவருக்குச் சம்பளம் மாதிரி ஒரு தொகை கிடைக்கிறது. முனைவர் பட்டத்துக்காக ஆய்வு செய்துகொண்டிருப்பவர்களையும், அந்தப் பட்டம் வாங்கி முதல் சில ஆண்டுகளில் இருப்பவர்களையும் இளம் ஆய்வாளர்கள் என்கிறார்கள். இந்த ஏற்பாடுகளில் பெரும்பாலானவை அவர்களுக்கென்றே வைத்திருப்பவை.

இது நேற்று முளைத்த வழக்கமும் அல்ல. நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பே நம் பினாங்குப் பட்டணத்துப் பையன் ஒருவன் இந்த வழியில் போய் வந்திருக்கிறான். அவன் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அதில் நம் வீட்டு உலையரிசியும் ஓரிடத்தில் வருகிறது!

1879-ஆம் ஆண்டு மார்ச் 10-ஆம் நாள் பினாங்கில் ஒரு பொற்கொல்லர் வீட்டில் பிறந்தவர் வூ லியன் தே. தகப்பனார் சீனாவிலிருந்து பிழைக்க வந்தவர். வீட்டில் அண்ணன் தம்பி நால்வர், அக்காள் தங்கை அறுவர். இத்தனை பேரும் உட்கார்ந்து சாப்பிடும் வீட்டில் பணம் எப்படித் தங்கியிருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். அவர் படித்தது 1816-இல் தொடங்கிய பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில். அந்தக் காலத்தில் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மாணவர்களுக்காக ஆங்கிலேய அரசு 1885-இல் ஏற்படுத்திய ராணி உபகாரச் சம்பளம் என்று ஒன்று இருந்தது. தேர்வு எழுதி முதலிடத்தில் வருகிறவரைக் கப்பல் ஏற்றி இங்கிலாந்துக்கு அனுப்புவார்கள். 1896-இல் பதினேழு வயதில் அதை வென்று, கேம்பிரிட்ஜில் இம்மானுவேல் கல்லூரிக்கு மருத்துவம் படிக்கப் போனார் வூ. சீன வம்சாவளியைச் சேர்ந்த ஒருவர் கேம்பிரிட்ஜில் மருத்துவம் படித்தது அதுவே முதல் தடவை. பிறகு லண்டனில் செயின்ட் மேரி மருத்துவமனையில் பயிற்சி.

இதுவரை நடந்தது படிப்பு. இதற்குப் பிறகு நடந்ததுதான் நம் கட்டுரைக்குரிய விஷயம்.

மருத்துவத் தேர்வுகளை முடித்த கையோடு ஊருக்குத் திரும்பி, பெயர்ப்பலகை மாட்டி, நாலு காசு பார்த்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை. ஆய்வுப் பயணத்துக்கென்று தனியாக ஓர் உதவித்தொகை கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு மூன்று ஊர்களுக்குப் போனார். முதலில் லிவர்பூல். அங்கே வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் இருந்தவர் ரொனால்ட் ராஸ். பெயர் தெரியாவிட்டாலும் அவர் செய்த காரியம் உங்களுக்குத் தெரியும். மலேரியாவைக் கொண்டுவருவது கொசுதான் என்பதற்கான ஆதாரத்தை 1897-இல் ஐதராபாத்துக்குப் பக்கத்தில் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தவர் அவர். நம் பாட்டன்மார் காட்டை வெட்டி ரப்பர் நட்ட காலத்தில், லயத்துக்கு லயம் பிணம் விழச் செய்த அதே காய்ச்சல்தான். 1902-இல் ராஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அடுத்து ஜெர்மனியில் ஹாலே என்ற ஊர். அங்கே கார்ல் ஃபிரெங்கல் என்ற பேராசிரியரிடம் கிருமியியல் கற்றார். அதற்கடுத்துப் பாரிசில் பாஸ்டர் ஆய்வுக்கழகம். வெறிநாய்க்கடிக்கு மருந்து கண்ட லூயி பாஸ்டர் உருவாக்கிய இடம் அது. மூன்று ஊர், மூன்று மொழி, மூன்று விதமான வேலைப்பழக்கம். எந்த இடத்திலும் நீண்ட காலம் தங்கவில்லை. ஆனால் நோயாளியின் சளியிலும் இரத்தத்திலும் இருந்து கிருமியைத் தனியாகப் பிரித்து வளர்த்து, நுண்ணோக்கியின் கீழ் வைத்து, "இதுதான் குற்றவாளி" என்று கை காட்டும் வித்தை அவர் கைக்கு வந்துவிட்டது. அந்தக் காலத்தில் மலாயாவில் அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் ஏது?

1903-இல் திரும்பி வந்தார். வயது இருபத்து நாலு. கோலாலம்பூரில் அப்போதுதான் புதிதாக ஏற்பட்டிருந்த மருத்துவ ஆய்வுக்கழகத்தில் ஓராண்டு ஆய்வாளராக இருந்தார். அங்கே அவர் எடுத்துக்கொண்ட பொருள்களில் ஒன்று பெரிபெரி நோய்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரே தெரியாது. கால் மரத்துப் போகும், பிறகு வீங்கும், நடை தள்ளாடும், கடைசியில் இதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் இதனால் மாண்டார்கள். கிருமியால் வருகிறது என்றார் ஒருவர். கெட்டுப்போன அரிசியின் நஞ்சு என்றார் இன்னொருவர். வூ அந்த ஓராண்டில் இதற்கு விடை கண்டுவிட்டார் என்று நான் கதை கட்ட மாட்டேன். விடை சில ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது. அது வந்த வழி நமக்கு மிகவும் வேண்டியது.

மலாயாவில் இருந்த மருத்துவர்கள் ஒரு புதுமையைக் கவனித்தார்கள். சீனத் தொழிலாளி பெரிபெரியில் விழுகிறான், பக்கத்துத் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளி விழுவதில்லை! இருவருக்கும் அதே வெயில், அதே மழை, அதே கொசு. தமிழன் சாப்பாடு ஒன்றும் விருந்தும் அல்ல. வேறுபாடு பானைக்குள் இருந்தது. சீனர்கள் சாப்பிட்டது ஆலையில் தீட்டி வெளுத்த பச்சரிசி. நம்மவர்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி.

வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர் கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் இதை நேராகச் சோதித்துப் பார்த்தார். நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளைப் பச்சரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கல் அரிசியும் போட்டார். பச்சரிசிப் பிரிவில்தான் நோய் பெருகியது. கட்டடத்தில் ஏதும் தொற்று இருக்குமோ என்று இரு பிரிவையும் இடம் மாற்றியும் பார்த்தார். நோய் கட்டடத்தோடு நிற்கவில்லை, அரிசியோடு போயிற்று. இந்த முடிவை 1907-இல் வெளியிட்டார். அதே காலத்தில் ஃப்ரேசர், ஸ்டான்டன் என்ற இருவர் நெகிரி செம்பிலான் காட்டில் சாலை போட்டுக்கொண்டிருந்த சாவகத் தொழிலாளர்களிடையே இன்னும் கவனமாகச் சோதித்து அதையே உறுதி செய்தார்கள். அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் ஏதோ ஒரு சத்துதான் உயிரைக் காக்கிறது என்பது தெளிவாயிற்று. இன்று அதை வைட்டமின் பி1 என்கிறோம். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அந்தச் சத்து தவிட்டிலிருந்து அரிசி மணிக்குள் இறங்கிவிடுகிறது. நம் பாட்டிமார் காரணம் தெரியாமலே செய்துவந்த காரியம்!

பக்கத்துப் பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், கோழிகளுக்கு வெள்ளைச் சோறு போட்டு இதே நோயை உண்டாக்கிக் காட்டிய டச்சு மருத்துவர் எய்க்மனுக்கு 1929-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவரும் இளம் வயதில் பெர்லினுக்குப் போய் ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் பழகிவிட்டு வந்தவர்தான். தொழிலாளியின் பானையில் இருந்த பதிலை எடுத்துப் படிக்க, எங்கோ ஒரு ஊரில் கற்ற கை தேவைப்பட்டது. பிள்ளைகளை ஏன் வெளியே அனுப்ப வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

வூ கதைக்கு வருவோம். இத்தனை கற்றுவந்தவருக்கு மலாயா என்ன கொடுத்தது? ஒன்றும் கொடுக்கவில்லை. அரசாங்க மருத்துவப் பணியில் மேல் பதவிகள் எல்லாம் வெள்ளைக்காரர்களுக்கே என்பது அந்நாளைய சட்டம். கேம்பிரிட்ஜ் பட்டமும் பாஸ்டர் கழகப் பயிற்சியும் இருந்தாலும் அவர் கீழ்ப் பதவியில்தான் இருக்க முடியும். ஆகவே 1904-இல் பினாங்குக்கே திரும்பி, நம் கடைகள் நிறைந்த சூலியா தெருவில் சொந்தமாக மருத்துவமனை வைத்தார். அபினுக்கு எதிராக இயக்கம் நடத்தினார். அபின் வரியில் பெருவருமானம் பார்த்தவர்களுக்கு அது பிடிக்குமா? அவருடைய மருந்தகத்தில் சிறிதளவு அபின் மருந்து இருந்தது என்று 1907-இல் வழக்குப் போட்டு அபராதமும் விதித்தார்கள். மனம் வெறுத்த நேரத்தில் சீனாவிலிருந்து அழைப்பு வந்தது. தியன்ஜினில் ராணுவ மருத்துவக் கல்லூரியில் பதவி ஏற்றார்.

1910-ஆம் ஆண்டுக் கடைசியில், மஞ்சூரியாவில் ஹார்பின் என்ற பனி உறைந்த ஊரில் மக்கள் கூட்டம் கூட்டமாக இறக்கத் தொடங்கினார்கள். வூவை அங்கே அனுப்பினார்கள். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்று. இறந்த ஒரு பெண்ணின் உடலை அறுத்துப் பார்த்து, கிருமியை வளர்த்து, இது நுரையீரலைத் தாக்கும் பிளேக் என்றார். எலியும் தெள்ளும் தேவையில்லை, மூச்சுக்காற்றிலேயே பரவுகிறது என்றார். மூத்த மருத்துவர்கள் நம்பவில்லை. மெஸ்னி என்ற பிரெஞ்சு மருத்துவர் முகத்தை மூடிக்கொள்ள மறுத்து வார்டுக்குள் போனார். சில நாட்களில் அவரே அந்த நோயில் இறந்தார். அதற்குப் பிறகுதான் வூவின் பேச்சு எடுபட்டது. மெல்லிய துணியையும் பஞ்சையும் மடித்துக் கட்டிய மலிவான முகக்கவசத்தை எல்லாரும் அணியச் சொன்னார். புதைக்க இடமில்லாமல் பனியில் கிடந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உடல்களை, அரசரின் அனுமதி பெற்று எரிக்கச் செய்தார். அறுபதாயிரம் பேரைக் கொண்டுபோன கொள்ளைநோய் நான்கு மாதத்துக்குள் அடங்கியது. 2020-இல் நீங்களும் நானும் முகக்கவசம் கட்டிக்கொண்டு கடைக்குப் போனோமே, அந்த வழக்கத்தின் முன்னோடிகளில் ஒருவர் நம் பினாங்குக்காரர்.

1935-இல் நோபல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. மலாயாவில் பிறந்தவர்களில் அந்தச் சிறப்பு முதலில் அவருக்குத்தான். 1937-இல் மலாயாவுக்குத் திரும்பி, ஈப்போவில் பல ஆண்டுகள் வைத்தியம் பார்த்தார். 1960-இல் பினாங்கிலேயே காலமானார்.

"அவர் பட்டணத்துச் சீனர், இங்கிலீஷ் பள்ளிக்கூடம். நம் பிள்ளைக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆகவே இன்னொருவரையும் சொல்லிவிடுகிறேன். இவர் நம்மவர்.

கும்பகோணத்தில் துணிக்கடைக் கணக்கர் ஒருவரின் மகன். கல்லூரித் தேர்வில் தேறாதவர். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தர் வேலை. ஆம், கணிதமேதை இராமானுஜன்தான். கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டி என்ற பேராசிரியருக்கு 1913 ஜனவரியில் தம் கணக்குகளை எழுதி அனுப்பினார். அந்த ஒரு கடிதத்தின் பலனாகச் சென்னைப் பல்கலைக்கழகம் முதலில் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கொடுத்தது. மறு ஆண்டு அதே பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுனும் கப்பல் செலவும் கொடுத்து, அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பியது. பட்டமே இல்லாத ஓர் எழுத்தருக்கு!

தாயார் கோமளத்தம்மாள் முதலில் சம்மதிக்கவில்லை. கடல் தாண்டினால் சாதியை விட்டுத் தள்ளிவிடுவார்கள் என்ற பயம் ஒருபுறம். குடும்பத்தைத் தாங்கும் பிள்ளை போய்விட்டால் அடுப்பு எப்படி எரியும் என்ற கவலை மறுபுறம். முதல் பயம் இன்று நமக்கில்லை. இரண்டாவது இன்னும் இருக்கிறது, அல்லவா? இராமானுஜனுக்கு அதற்கும் ஒரு வழி செய்தார்கள். உதவித்தொகையில் ஒரு பகுதி கும்பகோணத்தில் பெற்றோர் கைக்கே மாதந்தோறும் போய்ச் சேர்ந்தது. 1919-இல், இன்னும் பெரிய உதவி கிடைத்தபோது, பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுன் கொடுத்துவிட்டு, மிஞ்சுவதை ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் கொடுக்கச் சொல்லிப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார்.

ஆனால் அவர் கதையில் இனிப்பு மட்டும் இல்லை. சைவச் சாப்பாடு கிடைக்காமல், குளிரில், போர்க்காலத்தில், பேச்சுத்துணை இல்லாமல் உடம்பு கெட்டது. 1917 முதல் மருத்துவமனைகளிலேயே பெரும்பொழுது கழிந்தது. திரும்பி வந்த மறு ஆண்டே, 1920 ஏப்ரல் 26 அன்று, முப்பத்திரண்டு வயதில் இறந்துபோனார். பணத்தைக் கொடுக்கிறவர்கள் எல்லாவற்றையும் கொடுத்துவிடுவதில்லை. நம் பிள்ளை போகும் ஊரில் குளிர் எப்படி, சமைத்துச் சாப்பிட வசதி உண்டா, நம் ஆட்கள் யாராவது பக்கத்தில் இருக்கிறார்களா என்று கேட்பது அச்சம் அல்ல. பெற்றவர்கள் கேட்டே ஆக வேண்டிய கேள்வி. வாரம் ஒருமுறை வீடியோவில் முகம் பார்த்துப் பேசும் வசதி கோமளத்தம்மாளுக்கு இல்லை. நமக்கு இருக்கிறது.

சரி, இன்று யார் இப்படி அழைக்கிறார்கள்?

ஜெர்மனியில் ஹம்போல்ட் அறநிறுவனம் என்று ஒன்று. முனைவர் பட்டம் வாங்கிச் சில ஆண்டுகளுக்குள் இருக்கும் எந்த நாட்டவரையும் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை அங்கே ஆய்வு செய்ய அழைக்கிறது. இந்த நாட்டுக்கு இத்தனை பேர் என்ற கணக்கே அதில் கிடையாது. மனைவி, கணவர், பிள்ளைகள் கூடப் போனால் அதற்கும் உதவி உண்டு. அதே நாட்டின் கல்விப் பரிமாற்ற நிறுவனம், டாட் என்று சுருக்கமாகச் சொல்வார்கள், 1925 முதல் இருக்கிறது. முனைவர் பட்டம் முடிக்காதவர்களுக்கும் அதில் இடம் உண்டு. பினாங்கிலேயே மலேசிய-ஜெர்மன் சங்கம் ஜெர்மன் மொழி வகுப்பு நடத்துகிறது.

ஜப்பானிய அரசு 1954 முதல் வெளிநாட்டு மாணவர்களுக்கு உபகாரச் சம்பளம் தருகிறது. அதில் ஆய்வு மாணவர் என்றே ஒரு பிரிவு வைத்திருக்கிறார்கள். முனைவர் பட்டம் முடித்தவர்களுக்கு ஜப்பான் அறிவியல் மேம்பாட்டுக் கழகத்தின் திட்டம் தனியாக உண்டு. ஐரோப்பிய ஒன்றியம், கதிரியக்க ஆய்வில் இரு முறை நோபல் பரிசு பெற்ற மேரி கியூரி அம்மையார் பெயரில் ஒரு திட்டம் நடத்துகிறது. அமெரிக்காவுக்கு ஃபுல்பிரைட். அதன் மலேசிய அலுவலகம் கோலாலம்பூரில். விதிகளும் தொகையும் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் இங்கே தொகை எழுதவில்லை. அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பிள்ளையை விட்டே பார்க்கச் சொல்லுங்கள்.

நம் வீட்டு வாசலிலும் ஒரு கதவு உண்டு. 1969-இல் பினாங்கில் தொடங்கிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் போன்ற அரசுப் பல்கலைக்கழகங்கள், தங்கள் இளம் விரிவுரையாளர்களைப் பணம் கட்டி வெளிநாட்டுக்கு அனுப்பி முனைவர் பட்டம் வாங்கிவரச் செய்யும் வழக்கம் உண்டு. பத்து மவுங்கில் மீன்வள ஆய்வு செய்யும் வேர்ல்ட்ஃபிஷ் என்ற உலக நிறுவனத்தின் தலைமையகமே இருக்கிறது. அங்கே மற்ற நாட்டு ஆய்வாளர்கள் வந்து போகிறார்கள். மற்றவர்கள் கடல் தாண்டி வரும் இடத்துக்கு நம்மவர்கள் பாலம் தாண்டிப் போனால் போதும்!

ஆய்வுக்கு யார் பணம் போடுகிறார்கள் என்று யோசிக்கும்போது எனக்கு ஒன்று தோன்றும். 1925-இல் ஏற்பட்ட ரப்பர் ஆய்வுக்கழகத்தை நடத்திய பணம் எங்கிருந்து வந்தது? ஏற்றுமதியான ரப்பரின் மீது போட்ட தீர்வையிலிருந்து. விடியற்காலையில் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டுக்காட்டில் நடந்த நம் அம்மாக்களின் வாளியிலிருந்துதான் அந்த ஆய்வுக்கூடத்துச் சம்பளமும் போயிருக்கிறது. நம் பிள்ளை ஆய்வு உதவித்தொகைக்கு மனுப் போடும்போது பிச்சை கேட்கிற மாதிரிக் கூச வேண்டியதில்லை.

இப்போது கொஞ்சம் கறாராகச் சில செய்திகள்.

இந்தத் திட்டங்களுக்குக் கடிகாரம் உண்டு. ஒன்றில் முப்பத்தைந்து வயதுக்குள், இன்னொன்றில் முனைவர் பட்டம் வாங்கி நாலு ஆண்டுக்குள், மற்றொன்றில் ஆறு அல்லது எட்டு ஆண்டுக்குள் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். "இப்போது வேண்டாம், தங்கச்சி கல்யாணம் முடியட்டும், வீட்டுக் கடன் முடியட்டும்" என்று நாம் தள்ளிக்கொண்டே போனால் கதவு மூடிவிடும். பெண்பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் கூர்மையானது. கல்யாணத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் நாம் குறிக்கும் ஆண்டுகளும் இந்தத் திட்டங்கள் குறிக்கும் ஆண்டுகளும் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. பிள்ளை பெற்றவர்களுக்கு அந்த வரம்பைத் தளர்த்தும் விதி ஹம்போல்டிலும் மேரி கியூரித் திட்டத்திலும் உண்டு. மாப்பிள்ளை வீட்டாரிடம் பேசும்போது, சீர்வரிசைப் பேச்சோடு இதையும் ஒரு வார்த்தை பேசி வைத்தால் என்ன?

ஒப்பந்தம் இருக்கிறதா என்று பாருங்கள். இங்குள்ள அரசும் பல்கலைக்கழகமும் அனுப்பினால், திரும்பி வந்து இத்தனை ஆண்டு வேலை செய்வதாக எழுதி வாங்குவார்கள். ஜாமீன் கையெழுத்தும் கேட்பார்கள். படித்துப் பார்க்காமல் மாமாவையும் சித்தப்பாவையும் கையெழுத்துப் போடச் சொல்லாதீர்கள். ஃபுல்பிரைட்டில் போனவர் முடித்ததும் இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்ற விதி உண்டு. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். போய் வந்தவர்களுக்கெல்லாம் இங்கே நாற்காலி காத்திருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. வூவுக்கு அன்று நிறம் தடையாக நின்றது. இன்று இடம் குறைவு, போட்டி அதிகம். ஓரிரு ஆண்டு ஒப்பந்த வேலையிலேயே காலம் கழிக்கும் ஆய்வாளர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். தெரிந்துகொண்டே போகட்டும்.

"நான் உபகாரச் சம்பளம் வாங்கித் தருகிறேன், முன்பணம் கட்டுங்கள்" என்று எவராவது வந்தால் கதவைச் சாத்துங்கள். பணம் தருகிறவர்கள் உங்களிடம் பணம் கேட்பது எந்த ஊர் நியாயம்?

கடைசியாக, முதல் வேலை எது என்பது. மனுத் தாளை நிரப்புவது அல்ல. அந்த நாட்டில் தன்னை ஏற்றுக்கொள்ளும் ஒரு பேராசிரியரைத் தேடிக் கடிதம் எழுதுவதுதான் முதல் வேலை. இராமானுஜன் ஹார்டிக்கு எழுதிய மாதிரி. ஹார்டிக்கு முன் வேறு பேராசிரியர்களுக்கும் அவர் எழுதிப் பார்த்திருந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது. நான் இன்னார், இங்கே இன்ன பொருளில் ஆய்வு செய்கிறேன், உங்களுடைய இந்தக் கட்டுரையைப் படித்தேன், அதில் இந்தக் கேள்வி எனக்கு எழுந்தது, அதை உங்கள் ஆய்வுக்கூடத்தில் இத்தனை மாதத்தில் இப்படிச் செய்து பார்க்க விரும்புகிறேன், செலவுக்கு இந்தத் திட்டத்தில் மனுச் செய்யப் போகிறேன். இவ்வளவுதான். பெரிய சொற்களும் புகழ்ச்சியும் வேண்டாம். அனுப்புவதற்கு முன் இங்குள்ள தன் பேராசிரியரிடம் காட்டித் திருத்திக்கொள்ளட்டும். பின்னால் பரிந்துரைக் கடிதம் கொடுக்கப் போகிறவரும் அவர்தான். மூன்று வாரம் ஆகியும் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்த பேராசிரியருக்கு எழுதச் சொல்லுங்கள்.